ஹேண்டல் ஆர்கன் கன்செர்ட்டோ, மதுரையில் ஒலிப்பதிவு: 415-க்கு இறக்கணுமா?

வெளிவீதி_கீபோர்ட்:

எல்லாருக்கும் வணக்கம். 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டல் ஆர்கனுக்கும் சிறு வாத்தியக் குழுவுக்கும் எழுதிய ஓபஸ் 4 தொகுதியில் ஐந்தாவது கன்செர்ட்டோவை (எஃப் மேஜர்) தை மாதக் கடைசியில் பதிவு செய்ய இருக்கிறோம். இடம் மதுரை வெளி வீதியை ஒட்டிய ஒரு பழைய தேவாலயம். உள்ளே நீளம் 30 மீட்டர், அகலம் 14, உயரம் 11. காலியாக இருக்கும்போது கை தட்டினால் சத்தம் அடங்க இரண்டரை விநாடி ஆகிறது.

குழாய் ஆர்கன் கிடையாது. 61 கட்டை கீபோர்ட், 8 ஜிபி லேப்டாப், இரண்டு 8 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கிறது. ஆட்கள்: வயலின் நான்கு (அதில் ஒருவர் கர்நாடக வயலின், ஸ்டாஃப் நொட்டேஷனும் படிப்பார்), செல்லோ ஒன்று, ஓபோ ஒன்று. வயோலா இல்லை. மைக், ஒரே மாதிரி கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் வகை) ஒரு ஜோடி.

பால் நிக்கல்சன் (ஆர்கன்) – ராய் குட்மன் (குழு நடத்துநர்) சேர்ந்து ஹைப்பீரியன் நிறுவனத்துக்குச் செய்த பதிவில் ஆர்கனும் வயலினும் ஒரே பாயில் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது. எங்கள் ஒத்திகைப் பதிவில் ஆர்கன் மட்டும் கல்யாண மண்டப ஸ்பீக்கரில் வருவது போல ஒட்டாமல் நிற்கிறது. ஏ சுரத்தை இன்றைய 440 ஹெர்ட்ஸில் வைக்காமல், பழைய கருவிக்காரர்கள் வைக்கும் ஏ = 415-க்கு எல்லாரையும் இறக்கினால் சரியாகுமா? கீபோர்டில் டிரான்ஸ்போஸ் −1 (அரைச்சுரம் கீழே) போட்டால் போதுமா?

—

சுருதிப்பெட்டி:

போதாது. டிரான்ஸ்போஸ் −1 சுருதியை மட்டும்தான் இறக்கும். ஆறு கட்டையில் இருக்கும் ஏ ஐந்தரைக் கட்டைக்கு வரும், அவ்வளவே. நீங்கள் சொல்லும் ஒட்டாத தன்மைக்கு அது மருந்தில்லை.

பழைய கருவிப் பதிவுகளில் காது முதலில் பிடித்துக்கொள்வது டெம்பரமென்ட்டை, அதாவது பன்னிரண்டு சுரங்களுக்கு நடுவே இடைவெளியைப் பகிர்ந்து வைக்கும் முறையை. எல்லா அரைச்சுரமும் சமமாக, தலா 100 செண்டாக இருக்கும் ஈக்வல் டெம்பரமென்ட்டில் எஃப்–ஏ இடைவெளி 400 செண்ட். தம்பூராவில் மந்தரத் தந்தியை மீட்டினால் தானாக எழும்புகிறதே, அந்த அந்தர காந்தாரம் 386 செண்ட். பதினான்கு செண்ட் பிசகு பியானோவில் அவ்வளவாக உறுத்தாது, தட்டியதும் ஒலி தேய்ந்துவிடுகிறது. ஆர்கனில் விரலை எடுக்கும்வரை அதே பலத்தோடு நிற்கிறது. அதனால் பிசகிய சுரங்கள் உரசி எழும் விம்மல் முழுசாகக் கேட்கிறது, கார்டு முழுக்க மண் கலந்தது போல ஆகிவிடுகிறது.

இந்தக் கன்செர்ட்டோவுக்கு வல்லோட்டி என்ற பழைய டெம்பரமென்ட் போதும். எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்ற வரிசையில் உள்ள ஆறு ஐந்தாம் இடைவெளிகளும் (ச–ப) சுத்தமான அளவைவிட ஏறத்தாழ 4 செண்ட் குறுகலாக இருக்கும், மற்ற ஆறும் சுத்தம். கீபோர்டில் ஸ்கேல் டியூனிங் என்றொரு மெனு இருந்தால் ஏ-யைப் பூஜ்யமாக வைத்து இப்படிப் போடுங்கள்: சி +6, சி♯ 0, டி +2, ஈ♭ +4, ஈ −2, எஃப் +8, எஃப்♯ −2, ஜி +4, ஜி♯ +2, ஏ 0, பி♭ +6, பி −4. இப்போது எஃப்–ஏ 392, சி–ஈ 392, பி♭–டி 396. மூன்றாவது பகுதி சிசிலியானா டி மைனரில் வரும். அங்கே ஏ மேஜர் கார்டில் சி♯ பழைய 400-லேயே நிற்கும், கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். அதைத் திருத்தப் போகாதீர்கள், அந்த ராகபாவமே அதுதான்.

டிரான்ஸ்போஸையும் ஸ்கேல் டியூனிங்கையும் சேர்த்துப் போட்டால் ஒரு கண்ணி இருக்கிறது. சில கீபோர்டுகள் இந்தச் செண்ட் கணக்கை அழுத்தும் கட்டைக்குப் பொருத்தும், சில ஒலிக்கும் சுரத்துக்குப் பொருத்தும். சோதிக்க எஃப் மேஜர், எஃப்♯ மேஜர் இரண்டையும் மாறி மாறிப் பிடியுங்கள். எஃப் அமைதியாகவும் எஃப்♯ கலங்கலாகவும் இருந்தால் சரி. தலைகீழாக இருந்தால் கணக்கு ஒரு கட்டை தள்ளிப் போய்விட்டது. அப்போது டிரான்ஸ்போஸை எடுத்துவிட்டு மாஸ்டர் டியூனிலேயே 415-க்கு இறக்குங்கள். பல கீபோர்டுகளில் அதுவரை இறங்கும்.

கீபோர்டின் சொந்த ஆர்கன் டோனைப் பயன்படுத்தவே வேண்டாம். லேப்டாப்பில் கிராண்ட்ஆர்க் (GrandOrgue) என்ற மென்பொருளைப் போடுங்கள், காசில்லை. உண்மையான குழாய்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்த சாம்பிள் செட்டுகளை அதில் ஏற்றலாம். டெம்பரமென்ட்டும் மாற்றலாம், மொத்தச் சுருதியைச் செண்ட் கணக்கில் நகர்த்தவும் செய்யலாம். 440-லிருந்து 415 என்றால் −101 செண்ட். ஆனால் அந்த ஆர்கன் அசலாக எந்தச் சுருதியில் இருந்தது என்று முதலில் பாருங்கள். 440-லேயே இருக்கும் என்று நம்பி −101 போட்டுவிட்டு, வயலின்காரரைத் திட்டுவது வழக்கமாக நடப்பது.

நான்கைந்து ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒரு வகைக் குழாய் வரிசை) உள்ள சின்ன செட் எடுங்கள். 8 ஜிபிக்கு அதுதான் தாங்கும், ஹேண்டலுக்குப் பொருத்தமும் அதுதான். அவர் காலத்து இங்கிலாந்து ஆர்கன்களில் பெரும்பாலும் பெடல் (காலால் வாசிக்கும் கட்டை) கிடையாது. ஓபஸ் 4 முழுவதும் கைக்கட்டைக்கு மட்டுமே எழுதியது. பெடலுக்குத் தனி வரி வருவது ஓபஸ் 7-ல் முதல் கன்செர்ட்டோ ஒன்றில்தான்.

—

தல்லாகுளம்_தந்தி:

தந்திப் பக்கம் சொல்றேன். 440-லருந்து 415-க்கு எறக்கினா தந்தி இழுவிசை 11 சதவீதம் கொறையும் (சுருதியோட வர்க்கத்துக்குத் தக்கனதான் இழுவிசை மாறும்). சாதாரண ஸ்டீல் தந்தியில அது தொளதொளன்னு ஆயிரும், அழுத்தி வில்லு போட்டா சுருதி மேல கீழ ஆடும். அதனால கனமான கேஜ் (தடிமன்) தந்தி போடணும். கர்நாடக வயலின்காரர்ட்ட கேளுங்க, ஆண் பாடகருக்கு எறக்கிக் கட்டுறதுக்கு எந்தத் தந்தி நிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நாலையும் ஒரே நேரத்துல கழட்டிறாதீங்க. உள்ள நிக்கிற சவுண்ட் போஸ்ட் குச்சி சாஞ்சிரும், பெறகு அதுக்குன்னு ஆள் தேடி அலையணும். ஒண்ணு ஒண்ணா மாத்துங்க. பதிவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மாத்துங்க, புதுத் தந்தி இழுபட்டுக்கிட்டே இருக்கும்.

குடல் தந்தி வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், விரல் வேர்வை பட்டா ஈ தந்தி சிலும்பி அத்துப்போகும். ராத்திரி ஒரு சுருதி, விடியக்காலை ஒரு சுருதி. பழக்கம் இல்லாதவங்க கையில அது வெறும் செலவு.

அதைவிட முக்கியமான ஒண்ணு. நாலு தந்தியையும் ஏ-யிலருந்து சுத்தமான ஐந்தாம் இடைவெளியா சேத்தா, வல்லோட்டி ஆர்கனோட சேராது. டி தந்தி ஆர்கனைவிட 4 செண்ட் கீழ நிக்கும், ஜி 8 செண்ட் கீழ, செல்லோவோட சி 12 செண்ட் கீழ. ஈ தந்தி 4 செண்ட் மேல. ச–ப சுத்தமா சேத்துப் பழகின காதுக்கு இது பிடிக்கவே பிடிக்காது, குறிப்பா உங்க கர்நாடக வயலின்காரருக்கு. ஆனா சேத்துத்தான் ஆகணும். ஆர்கன்ல ஏ மட்டும் குடுத்து நிறுத்தாம டி, ஜி, சி, ஈ ஒவ்வொண்ணையும் பிடிச்சு வச்சு, ஒவ்வொரு தந்தியையும் அது அதுக்குத் தனியாச் சேருங்க. 'ஒட்டலை'ன்னு நீங்க சொல்றதுல பாதி இங்கதான் கெடக்கு.

வில்லு: மாடர்ன் வில்லுன்னா கைப்பிடியிலருந்து மூணு விரல்கடை மேல தள்ளிப் பிடிங்க, நுனி லேசாயிரும். ஒவ்வொரு சுரமும் எழும்பி அடங்கணும். கடைசி வரைக்கும் ஒரே கனமா இழுத்தா ஆர்கன் அதுக்குள்ள முங்கிப்போகும். விரல் அசைவு, கமகம் ரெண்டும் நீளமான சுரத்துல மட்டும், அதுவும் ஊறுகாய் அளவுக்கு. ஆர்கன் சுரம் ஆடாம நிக்கும்போது பக்கத்துல வயலின் ஆடினா ரெண்டும் பிரிஞ்சுதான் கேக்கும்.

—

மைக்_ஸ்டாண்ட்:

மேலே இருவர் சொன்னதும் சரி, ஆனால் கல்யாண மண்டபச் சத்தத்துக்குக் காரணம் ஸ்பீக்கர் இருக்கும் இடம். நிக்கல்சன் பதிவு லண்டனில் லிட்டில் ஸ்டான்மோரில் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் செய்தது. ஜெரார்ட் ஸ்மித் 1716-ல் கட்டிய ஆர்கன், 1994-ல் மீட்டுக் கட்டினார்கள். ஹேண்டலே வாசித்த இடம். அங்கே குழாயிலிருந்து கிளம்பும் காற்றும் வயலினிலிருந்து கிளம்பும் காற்றும் ஒரே சுவரில் மோதி ஒரே மைக்குக்கு வருகின்றன. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

முதலில், சாம்பிள் செட் எதிரொலி இல்லாத வறண்ட செட்டாக இருக்கட்டும். ஏதோ ஒரு ஐரோப்பியத் தேவாலயத்தின் எதிரொலி சேர்ந்தே வரும் செட்டை மதுரைத் தேவாலயத்தில் ஒலிக்கவிட்டால் கோயிலுக்குள் கோயில் கட்டியது போல இருக்கும். ஸ்பீக்கர்களை இடமும் வலமும் பிரித்து வைக்காதீர்கள். இரண்டையும் பக்கம் பக்கமாக, தந்திக்காரர்களின் அரைவட்டத்துக்கு நடுவே சற்றுப் பின்னால், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் வையுங்கள். முகம் ஆட்களைப் பார்க்க வேண்டாம், பின் சுவரைப் பார்த்துத் திருப்பி 1 மீட்டர் இடைவெளி விடுங்கள். குழாய்கள் எல்லாப் பக்கமும் ஒலிக்கும். ஸ்பீக்கர் முன்பக்கம் மட்டும் ஊசி போலக் குத்தும். சுவரில் பட்டுச் சிதறினால் அந்தக் குத்தல் மட்டுப்படும். ஆர்கன் தனியாக வாசிக்கையில் இரண்டு வயலின் அளவுக்கு மேல் சத்தம் வைக்கவே கூடாது.

கீபோர்டில் வெலாசிட்டியை அணைத்துவிடுங்கள், குழாய்க்கு மெல்லத் தட்டுவது பலமாகத் தட்டுவது எல்லாம் தெரியாது. பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் தாமதம் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3. லேப்டாப் திணறி டிக் டிக்கென்று சத்தம் வந்தால் 256-க்குப் போங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்கவே 3 மில்லிசெகண்ட் ஆகிறது, யாருக்கும் தெரியாது.

மைக் தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கனஅளவு 30 × 14 × 11 = 4620 கன மீட்டர். அதை எதிரொலி நேரம் 2.5-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.45 மீட்டர். நேரடி ஒலியும் எதிரொலியும் சம அளவாகும் தூரம் இது. கார்டியாய்டுக்கு இதை 1.7 மடங்காக்கலாம், அதாவது 4.2 மீட்டர்வரை. முதல் வரிசை வயலினிலிருந்து 2.5 மீட்டர், உயரம் 2.8 மீட்டர், இரண்டு மைக்குக்கும் இடையே 17 செ.மீ., கோணம் 110 டிகிரி என்று தொடங்குங்கள். ஆர்கன் தொலைவாகக் கேட்டால் அதற்கென்று தனி மைக் போடாதீர்கள், மைக்கை உயர்த்துங்கள். வயலின் தலைகளைத் தாண்டி ஆர்கன் மைக்குக்கு நேராகத் தெரியும். 24 பிட், உச்ச அளவு −12 டெசிபல்.

இனி சத்தம். மின்விசிறி ஓடவே கூடாது, காற்றுச் சத்தம் ஒரு பக்கம், இறக்கை சுற்றுவதில் நீண்ட சுரங்கள் அலை அடிப்பது இன்னொரு பக்கம். தை மாத இரவில் விசிறி இல்லாமல் சமாளிக்கலாம். இரவு 11-க்குத் தொடங்கி 4-க்குள் முடியுங்கள், அதற்குப் பிறகு ஊரின் எல்லா ஒலிபெருக்கியும் விழித்துவிடும். பொங்கலை ஒட்டிய நாட்கள் உதவாது. மார்கழியில் வைக்காதது நல்லதாயிற்று.

—

வெளிவீதி_கீபோர்ட்:

மிக்க நன்றி. ஸ்பீக்கரை இடமும் வலமும் 6 மீட்டர் பிரித்துத்தான் வைத்திருந்தோம், இப்போது புரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஓபோ மாடர்ன் ஓபோ, 440. அவரை என்ன செய்வது? வயோலா வரியை யார் வாசிப்பது?

—

பழைய_தட்டு:

ஓபோ மாடர்ன் என்றால் 415 பேச்சையே விடுங்கள். ரீடை எவ்வளவு வெளியே இழுத்தாலும் அரைக்கட்டை இறங்காது, அதற்கு முன்பே சுரங்களுக்குள் ஒழுங்கு கெட்டுவிடும். அரைச்சுரம் இறக்கி எழுதிக் கொடுத்தால் அவர் ஈ மேஜரில் நான்கு ஷார்ப்போடு வாசிக்க வேண்டும். வாசிப்பார், ஆனால் எரிச்சலோடு வாசிப்பார்.

415-ஐப் புனிதமாக நினைக்கவும் தேவையில்லை. ஹேண்டலுடையது என்று சொல்லப்படும் சுருதிக்கவை (டியூனிங் ஃபோர்க்) 1751-ஐச் சேர்ந்தது, ஏ = 422.5. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர், ஆர்கனுக்கு ஆர்கன் சுருதி வேறு. 415 என்பது இன்றைய கலைஞர்கள் வசதிக்காக ஒப்புக்கொண்ட எண். 440-க்குச் சரியாக அரைச்சுரம் கீழே இருப்பதால் கீபோர்டை ஒரு கட்டை நகர்த்தினால் வேலை முடிகிறது.

என் கட்சி இது: 440-லேயே இருங்கள், வல்லோட்டியை மட்டும் போடுங்கள். தந்தி மாற்ற வேண்டாம், ஓபோவும் இருக்கட்டும். வல்லோட்டியின் ஆறு எட்டு செண்டை ஓபோக்காரர் உதட்டாலேயே சரிசெய்வார்.

—

தல்லாகுளம்_தந்தி:

பழைய_தட்டு அண்ணே சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். ஆனா சுருதி எறங்கினா வயலின் உடம்பு அதிர்ற விதமே மாறும், குரல் உருண்டு வரும். 440-ல ஸ்டீல் தந்தியில அந்தக் கூர்மை போகாது. ஒரே ஒரு ஓபோவுக்காக நாலு வயலினையும் மேல நிறுத்தணுமா? ஓபஸ் 4-ல ஓபோ பெரும்பாலும் எல்லாரும் சேந்து வாசிக்கிற எடத்துல வயலின் வரியைத்தான் கூடவே வாசிக்குது. எடுத்துட்டா பாட்டு ஓட்டையாகாது. 1738-ல வால்ஷ்ங்கிற பதிப்பாளர் அச்சடிச்சு வித்தப்பவே 'ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கன்'னுதான் அட்டையில போட்டு, வீட்டுல தனியா வாசிக்கறவங்களுக்கும் சேத்து வித்தாரு.

இன்னொண்ணு, அந்த எடம் ராத்திரி குளுந்து ஆளும் லைட்டும் சேந்து சூடேறும். சூடு ஏறினா ஸ்டீல் தந்தி கீழ போகும், ஓபோ மேல போகும், சாம்பிள் ஆர்கன் அங்கேயே நிக்கும். மூணு பேரு மூணு பக்கம். ஓபோ இல்லைன்னா ஒரு தலைவலி கொறையும். எப்படியா இருந்தாலும் 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ஆர்கனோட சேத்துப் பாருங்க.

—

சுருதிப்பெட்டி:

முடிவு ஓபோக்காரரைப் பொறுத்தது. அவர் இருந்தே ஆக வேண்டும் என்றால் 440 வல்லோட்டி, இல்லையென்றால் 415 வல்லோட்டி. ஓபோவை வைத்துக்கொண்டு 415 மட்டும் கூடாது.

உண்மையான குழாய் ஆர்கன் இருந்திருந்தால் இந்த விவாதமே வேறு மாதிரி போயிருக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குழாயின் சுருதி சுமார் 3 செண்ட் ஏறும். 20 டிகிரியில் 440 வைத்த ஆர்கன் சித்திரை வெயிலில் 34 டிகிரிக்கு 450-ஐத் தொடும். மற்றவர்கள்தான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

வயோலா: மூன்றாவது வயலினுக்குக் கொடுங்கள். ஜி-க்குக் கீழே போகும் சுரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே எழுதுங்கள், ஆனால் முதல் வயலினைத் தாண்டி மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் அந்தச் சுரத்தை ஆர்கன் இடதுகைக்கு விட்டுவிடுங்கள். மீதி முதல் வயலினுக்கு இருவர், இரண்டாவதுக்கு ஒருவர். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் ஆர்கன் சும்மா இருக்கக் கூடாது, பாஸ் வரியோடு கார்டு பிடிக்க வேண்டும். நொட்டேஷனுக்குக் கிரிசாண்டர் பதிப்பித்த பழைய ஹேண்டல் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஸ்டாப்: முதல் பகுதி லார்கெட்டோவுக்கு 8 அடி ஸ்டாப்டு (முனை மூடிய குழாய்) மட்டும். 8 அடி எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும், 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரண்டு ஸ்தாயி மேலே. அலெக்ரோவுக்கு 8-ம் 2-ம், நடுவில் 4 வேண்டாம். மேலே பளிச்சென்றும் கீழே லேசாகவும் இருக்கும், தந்திகளுக்கு நடுவில் இடம் கிடைக்கும். சிசிலியானாவுக்கு 4 அடி ஃபுளூட்டை மட்டும் எடுத்து ஒரு ஸ்தாயி கீழே வாசித்துப் பாருங்கள். பிரெஸ்டோவில் எல்லாம். இந்தக் கன்செர்ட்டோ ஹேண்டலின் ரெக்கார்டர் (ஒருவகைக் குழல்) சொனாட்டா ஒன்றிலிருந்து எடுத்தது, அதனால் வலதுகையில் வெறும் ஒற்றை வரிதான் இருக்கும். எழுதியதை அப்படியே வாசித்தால் சப்பென்று இருக்கும். திரும்ப வரும் பகுதிகளில் அலங்காரம் நீங்கள்தான் போட வேண்டும், நிரவலில் போடுவது போல, தாளம் நகராமல். பதிவுக்கு முன்பே இரண்டு வடிவம் முடிவு செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டேக்குக்கு டேக் அலங்காரம் மாறினால் வெட்டி ஒட்ட முடியாது.

—

மைக்_ஸ்டாண்ட்:

வெட்டி ஒட்டுவதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு வந்த இடத்திலிருந்தே திரும்பத் தொடங்காதீர்கள். குறைந்தது இரண்டு மெஷர் முன்னாலிருந்து எடுங்கள். இரண்டரை விநாடி எதிரொலி உள்ள இடத்தில், ஒட்டும் புள்ளிக்கு முன் அந்த எதிரொலி ஏற்கெனவே காற்றில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் தேவாலயமே ஒரு கணம் காணாமல் போய்த் திரும்ப வரும். கடைசி கார்டுக்குப் பிறகு ஐந்து விநாடி யாரும் அசையக் கூடாது, வில்லையும் இறக்கக் கூடாது. ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நிமிடம் வெறும் அமைதியையும் பதிவு செய்துவையுங்கள், பகுதிகளுக்கு நடுவே இடைவெளி நிரப்ப அதுதான் உதவும். டேக் எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஒருவர் நொட்டேஷனில் பென்சிலால் குறித்துக்கொண்டே வரட்டும்.

கரண்ட்: லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டரில் ஸ்பீக்கரை மாட்டினால் ஊ என்று இரைச்சல் வரும். ஸ்பீக்கர், ஆடியோ இன்டர்ஃபேஸ் இரண்டையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். பழைய கட்டடத்தில் இரண்டு மூலையின் எர்த்தும் ஒன்றாக இருக்காது. டியூப் லைட் சோக் ரீங்காரமிட்டால் அதை அணைத்துவிட்டு, நொட்டேஷன் ஸ்டாண்டுக்குப் பேட்டரி விளக்கு மாட்டுங்கள். வௌவால் இருக்கிறதா என்று முந்தின இரவே போய்ப் பார்த்துவிடுங்கள்.

—

வெளிவீதி_கீபோர்ட்:

வௌவால் இருக்கிறது. ஓபோக்காரரிடம் பேசிவிட்டேன், வாசிக்காமல் எனக்கு நொட்டேஷன் பக்கங்களைப் புரட்டிக் கொடுக்க வருகிறேன் என்றார். 415 வல்லோட்டி.